ஒரே நோயாளி, இரண்டு ஃபைப்ரோஸ்கேன்: எந்த அளவை எடுப்பது?

கேள்வி:
கொழுப்புக் கல்லீரல் மருந்தாய்வில் சேர வந்தவருக்கு முதல் ஃபைப்ரோஸ்கேனில் (கல்லீரலின் விறைப்பை அளக்கும் சோதனை) 9.2 கிலோபாஸ்கல். இரண்டு வாரம் கழித்து 13.6. மருந்து இன்னும் தொடங்கவில்லை. இரண்டிலுமே 10 அளவீடு பதிவாகியிருக்கிறது. எதை நம்பலாம்?

பதில் 1:
முதல்ல எப்போ சாப்பிட்டார்னு கேளுங்க. குறைந்தது 3 மணி நேரம் வெறும் வயிறு வேணும். சாப்பிட்டதும் கல்லீரலுக்குப் போகிற ரத்தம் கூடும், தழும்பே ஏறாமல் விறைப்பு மட்டும் ஏறின மாதிரி காட்டும். அடுத்து ஐக்யூஆரை (அளவீடுகள் எவ்வளவு சிதறியிருக்கு என்பதைக் காட்டும் எண்) மீடியனால் (அளவீடுகளின் நடு மதிப்பு, ஸ்கேன் முடிவாகத் தரும் எண்) வகுங்க. மீடியன் 7.1 கிலோபாஸ்கலுக்கு மேல் போய், விகிதம் 30 சதவீதத்தைத் தாண்டினால் அந்த ஸ்கேன் நம்பகமில்லை. 10 அளவீடு இருக்கு என்பது மட்டும் போதாது. பலர் தவறுவது இங்கேதான்.

பதில் 2:
புரோபையும் (தோலில் வைத்து அளக்கும் கருவி முனை; எம், எக்ஸ்எல் என்று அளவுகள் உண்டு) பாருங்க. தோலிலிருந்து கல்லீரல் உறை வரை 25 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் எக்ஸ்எல் வேணும். அங்கே எம் புரோப் வைத்தால் அளவு கூடுதலாக வரலாம். ஒரு முறை எம், மறுமுறை எக்ஸ்எல் என்றால் ஒப்பிடவே கூடாது. ஏஎல்டி (கல்லீரல் செல் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) திடீரென ஏறியிருந்தாலோ, பித்தநீர் அடைப்பு, இதயச் செயலிழப்பு இருந்தாலோ விறைப்பு பொய்யாகக் கூடும்.

கேள்வி கேட்டவர்:
இரண்டும் எம் புரோப்தான். ஏஎல்டியில் மாற்றமில்லை. இரண்டாவது முறை டிபன் சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் எடுத்திருக்கிறார்கள். அதில் ஐக்யூஆர் 4.9.

பதில் 1:
அப்போ 4.9-ஐ 13.6-ஆல் வகுத்தால் 36 சதவீதம், இரண்டாவது ஸ்கேன் செல்லாது. இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்துடாதீங்க. காரணத்தைக் கோப்பில் எழுதி, வெறும் வயிற்றில், அதே புரோபில், அதே விலா இடைவெளியில் மறுபடி எடுங்க.