சேலம் 1692: கிறிஸ்தவ நாவலில் சபையை எப்படிக் காட்டுவது?

கேள்வி:
நம்ம சேலம் இல்லை, 1692இல் சூனிய வழக்குகள் நடந்த அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் சேலம். என் நாவலில், பாஸ்டனில் வேலை பார்க்கும் 24 வயது அமெரிக்கப் பெண், பாட்டியின் பைபிளில் இருக்கும் குடும்ப வரிசையைப் பார்த்து, தான் ரெபேக்கா நர்ஸின் வழிவந்தவள் என்று தெரிந்துகொள்கிறாள். சூனியக்காரி என்று கொல்லப்பட்ட 71 வயது அம்மாள். கடைசியில் தீயில் நின்று ஜெபிக்கிறார். அவரைக் கொன்றவர்களும் ஜெபிக்கிறவர்கள்தான். சபைக்குக் கெட்ட பேர் வராமல் எப்படி எழுதுவது?

பதில் 1:
முதலில் அந்தத் தீயை அணையுங்கள். சேலத்தில் யாரையும் எரிக்கவில்லை. 19 பேருக்குத் தூக்கு. ஜைல்ஸ் கோரியை மட்டும் கல் ஏற்றி நசுக்கினார்கள்.

ரெபேக்காவை ஜூரி முதலில் விடுவித்தது. தலைமை நீதிபதி ஸ்டவ்டன் மறுபடி யோசிக்கச் சொன்னார். சாட்சி சொல்ல வந்த இன்னொரு கைதியை ரெபேக்கா ‘எங்களில் ஒருத்தி’ என்று சொல்லியிருந்தார். எந்த அர்த்தத்தில், கைதி என்றா, சூனியக்காரி என்றா என்று ஜூரி கேட்டது. அவருக்குக் காது மந்தம், கேள்வியே காதில் விழவில்லை. பேசாமல் நின்றதையே குற்றமாக எடுத்துக்கொண்டார்கள். உங்கள் தீயைவிட இது பயங்கரம்.

இன்னொன்று. சூனியக்காரிதான் என்று ஒத்துக்கொண்டு அதிலேயே நின்றவர்கள் யாரையும் தூக்கில் போடவில்லை. அவர் ஒரு பொய் சொல்லியிருந்தால் பிழைத்திருக்கலாம்.

கேட்டவர்:
ஐயோ, மூன்று அத்தியாயம் போச்சு! சரி, சபை?

பதில் 2:
எதையும் மறைக்காதீர்கள். ஜூலை 3 அன்று சேலம் டவுன் சபை அவரை நீக்கியது. 19ஆம் தேதி தூக்கு. அந்த நீக்கத்தை ரத்து செய்ய 1712 ஆகிவிட்டது.

நான் டான்வர்ஸுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். அன்றைய சேலம் கிராமம் இதுதான். ரெபேக்காவின் வீட்டை இப்போதும் போய்ப் பார்க்கலாம். ஆனால் என் மனதில் நிற்பது ஆன் பட்னம். 12 வயதில் ரெபேக்கா மேல் குற்றம் சொன்னவள். 1699இல் அப்பா, அம்மா இருவரும் போய்விட, தம்பி தங்கைகளை வளர்த்தாள். 1706இல் அவளுடைய அறிக்கையைப் போதகர் வாசிக்க, கிராமத்துச் சபை முன்னால் எழுந்து நின்றாள். வயது 26. உங்கள் கதாநாயகியைவிட இரண்டு வயதுதான் பெரியவள்! கதாநாயகியை ஏன் ரெபேக்காவின் வழியில் வைக்கிறீர்கள்? பட்னம் வழியில் வையுங்கள். ஆன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதனால் தம்பி வழி.

கேட்டவர்:
பாட்டி பைபிளில் நர்ஸை அடித்துவிட்டு பட்னம் என்று எழுதிப் பார்த்தேன். இனி அந்தப் பாட்டி பைபிளை யாருக்கும் காட்டமாட்டார் என்று தோன்றுகிறது. பரணில் ஏற்றிவிட்டேன்.