பழநிப் பாதயாத்திரை வழியில் அன்னதானப் பந்தல்களுக்கு ஊராட்சி அனுமதி தேவையா?

செம்மண்காட்டான்:
ரெட்டியார்சத்திரத்துக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் இடையிலுள்ள எங்கள் ஊரில், தைப்பூசத்தையொட்டி வெளியூர் அன்பர்கள் போடும் பந்தல்களுக்கு ஊராட்சி முன்அனுமதி தருவதோடு வைப்புத்தொகையும் பெற வேண்டும் என்பது என் கருத்து. மானாவாரி மக்காச்சோளத்தை அறுத்துக் காயப்போடும் நேரமும் அதுவே. பந்தலைப் பிரித்துக்கொண்டு அவர்கள் கிளம்பிய பிறகு, காட்டுக்குள் பறந்து விழும் குவளைகளையும் தண்ணீர்ப் பாக்கெட்டுகளையும் பொறுக்குவது நாங்கள். குழம்பு ஒட்டிய பையைத் தின்று வயிறு உப்பிக் கிடப்பதும் எங்கள் ஆடுதான்.

வேலடியான்:
பசித்து வருபவருக்குச் சோறிடப் பணம் கட்டச் சொல்வது நம் வழக்கமன்று. செட்டிநாட்டிலிருந்து நகரத்தார் காவடி குன்றக்குடி, நத்தம் வழியாகத் தலைமுறை தலைமுறையாக வருகிறது. வழியிலுள்ள எந்த ஊரும் அதைச் சுமையாகக் கருதியதில்லை. பந்தல்களை முடக்கினால், கையில் காசில்லாமல் மாலை போட்டு நடக்கும் கூலித் தொழிலாளி எங்கே உண்பார்?

செம்மண்காட்டான்:
நகரத்தார் காவடியை இதில் இழுக்க வேண்டாம், ஐயா. அவர்கள் தங்கும் ஊரும் உண்ணும் இடமும் முன்கூட்டியே முடிவானவை. சரக்கு வண்டியில் அண்டாவோடு வந்து, நினைத்த இடத்தில் நிறுத்திப் பரிமாறிவிட்டு அன்றே திரும்புகிறவர்களைப் பற்றித்தான் பேசுகிறேன். தண்ணீர்ப் பாக்கெட்டும் நெகிழி பூசிய காகிதக் குவளையும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை என்பதையாவது அவர்கள் அறிய வேண்டாமா?

முக்குக்கடை:
இருவரும் விட்டுவிட்ட செய்தி ஒன்று உண்டு. கடைக்கு எதிரிலேயே இட்லியும் சுக்குக் காப்பியும் இலவசமாகக் கிடைக்கும்போது, ஆண்டு முழுவதும் கடனுக்குத் தேநீர் தரும் உள்ளூர்க் கடையில் அந்த நாட்களில் வியாபாரமே இல்லை. கொய்யாவும் இளநீரும் விற்பவர்கள் மட்டுமே நாலு காசு பார்க்கிறார்கள். கொடையாளிகள் அரிசியையும் காய்கறியையும் ஊரிலேயே வாங்கினால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

வேலடியான்:
ஊரில் வாங்க வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. தடை செய்த பொருளுக்காக நானும் வாதாடவில்லை. ஆனால் அன்னதானம் செய்வோர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு மேல் ஊருக்கு ஊர் வைப்புத்தொகை கேட்டால், பெருஞ்செல்வர் கட்டிவிடுவார். நாலு வீடு சேர்ந்து ஒரு பானை மோர் கொண்டுவருபவர் விலகிவிடுவார்.

செம்மண்காட்டான்:
அந்தப் பதிவு சோற்றின் தரத்தைப் பார்ப்பதற்கு. எச்சில் இலையை யார் அள்ளுவது என்று அது கேட்பதில்லை. மோர்ப் பானைக்கு விலக்குத் தருவோம், தடையில்லை. அண்டா வைத்துச் சமைப்பவர் மட்டும் பணம் கட்டட்டும். இடத்தைத் துப்புரவாக்கியதும் முழுத்தொகையையும் திரும்பப் பெறட்டும். எங்கள் ஊராட்சியின் தூய்மைக் காவலர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், பூசம் முடிந்து மாசி பிறந்தும் அவர்கள் சாலையோரத்தைத்தான் கூட்டிக்கொண்டிருக்கிறார்கள்.