கொல்லையில் பார்த்ததெல்லாம் டரான்டுலா இல்லை

எங்கள் கொல்லை பாலக்கோடு பக்கம். போன ஐப்பசியில் மழை விட்ட ராத்திரி மோட்டார் போடப் போனேன். கொட்டகை வாசலில் கருகருவென்று ஒரு சிலந்தி, உடம்பு கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, தடித்த கால்கள், டார்ச் அடித்தும் ஓடாமல் முன்கால்களைத் தூக்கிக்கொண்டு நின்றது. கூட வந்த மாமா "டரான்டுலாடா, கடிச்சா அவ்வளவுதான்" என்று செருப்பைக் கழற்றிவிட்டார். அவரைத் தடுத்து, கண்ணாடி பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

எனக்கும் அதுவரை அதே கணக்குதான்: மண்ணில் வளை, உடம்பில் மயிர், ஆள் பெரிசு, அப்படியென்றால் டரான்டுலா. காலையில் பாட்டிலின் அடியிலிருந்து பார்த்தபோதுதான் புத்தி வந்தது. சாதாரணச் சிலந்திக்கு விஷப்பல் இடுக்கி மாதிரி எதிரெதிராக வந்து சேரும். இதற்கு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கீழ்நோக்கி மடிந்திருந்தன. வயிற்றுக்கு அடியில் வெளிறிய திட்டுகள் நான்கு, அதாவது இரண்டு ஜோடிப் புத்தக நுரையீரல் (புத்தகத் தாள் மாதிரி அடுக்கடுக்கான மூச்சு உறுப்பு). சரி, டரான்டுலாவின் பெரிய குடும்பத்து ஆள்தான், ஆனால் டரான்டுலா இல்லை, ஏனென்றால் ராத்திரி முழுக்கக் கண்ணாடியில் ஏற முயன்று வழுக்கிக்கொண்டே இருந்தது. டரான்டுலாவுக்குக் கால் நுனியில் இரண்டு நகமும் அடர்ந்த மயிர்ப் பட்டையும் உண்டு, கண்ணாடியில் சர்வ சாதாரணமாக ஏறிவிடும். இதற்கு மூன்று நகம், மயிர்ப் பட்டை கிடையாது. தாடை நுனியில் மண் தோண்டுவதற்கான முள் வரிசை வேறு. கண்களில் இரண்டு மட்டும் நெற்றி விளிம்பில் தனியாக, மீதி ஆறும் பின்னால் கூட்டமாக. இடியோப்ஸ் பேரினத்து மூடிக்கதவுச் சிலந்தி, அதாவது மண் வளைக்கு மூடி போட்டு வாழும் சாதி, அதிலும் ஆண். மழைக்குப் பிறகு பெண்ணைத் தேடி அலைவது ஆண்தான், பெண் வளையைவிட்டு வெளியே வருவது அபூர்வம். அன்று சாயங்காலமே வரப்பில் விட்டுவிட்டேன்.

*

அண்ணா, உங்கள் மாமாவை ரொம்பவும் குறை சொல்லாதீர்கள். இத்தாலியில் தரான்தோ என்ற ஊரின் பெயரால் முதன்முதலில் டரான்டுலா என்று அழைக்கப்பட்டதே ஓர் ஓநாய்ச் சிலந்திதான், பெயர் பிறகுதான் பெரிய மயிர்ச் சிலந்திகளுக்குக் கைமாறியது. நமக்கு அரூர், தீர்த்தமலை அடிவாரம். கடலைக் கொல்லையில் ராத்திரி டார்ச்சை நெற்றி மட்டத்தில் பிடித்துப் பாருங்கள், தரையெங்கும் பச்சையாகப் பொட்டுப் பொட்டாக மின்னும். பனித்துளி என்று நினைத்துக் கிட்டே போனால் ஓடும்! அது ஓநாய்ச் சிலந்தி. கண் வரிசை 4, 2, 2: கீழே சின்னதாக நான்கு, அதற்கு மேல் முன்னால் பார்க்கும் பெரிய இரண்டு, தலை மேல் இரண்டு. முட்டைப் பையைப் பின்னால் ஒட்டிக்கொண்டே திரியும், பொரிந்த குஞ்சுகள் முதுகில் ஏறிக்கொள்ளும். ஒரு தடவை தெரியாமல் மண்வெட்டிக் காம்பால் தட்டிவிட்டேன், ஒரு சிலந்தி ஐம்பதாகச் சிதறியது, அன்றைக்கு நான் போட்ட சத்தத்தை வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். இவற்றிலும் சில வளை தோண்டும், வளை வாயில் குச்சியும் இலையும் வைத்துச் சின்னச் சுவர் கட்டும். அதைப் பார்த்துத்தான் ஊரில் முக்கால்வாசிக் குழப்பம்.

*

அசல் டரான்டுலா நம் பக்கம் இல்லாமலில்லை. மரப்பொந்தில் வாழும் பொயசிலோதீரியா ஃபார்மோசா என்ற டரான்டுலாவை ஆங்கிலேய விலங்கியலாளர் போகாக் 1899இல் விவரித்தது பக்கத்துச் சேலம் மாவட்டத்துக் காடையாம்பட்டியிலிருந்து கிடைத்ததை வைத்துத்தான். ஆனால் அது மரத்து ஆள், தரைக் கணக்கில் சேராது.

நான் அஞ்செட்டி. ரோட்டோர மண் சரிவில் கல் ஒன்று அரைவட்டமாக ஒட்டியிருக்கிறது என்று ஈர்க்குச்சியால் நெம்பினேன், லேசாகத் திறந்து மறுபடி உள்ளே இழுபட்டது. இன்னொரு முறை நெம்பினேன், அதே இழுப்பு. மண்ணையும் பட்டு நூலையும் சேர்த்துச் செய்த மூடி, ஒரு பக்கம் கீல், உள்ளே இருக்கும் மூடிக்கதவுச் சிலந்திப் பெண் பல்லாலும் நகத்தாலும் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அவ்வளவு சின்ன உடம்புக்கு அந்தப் பலம்! குச்சியை எடுத்தேன், மூடி படிந்தது, சரிவில் எந்த இடம் என்று எனக்கே தெரியவில்லை.