கண்ணை மூடியபோது கைக்கு வந்த கிணறு

தியானத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அப்பா பகுத்தறிவாளர். நானும் இருபத்தாறு வருடமாகப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். போன ஜனவரியில் மனைவி ஆசையாகக் கூப்பிட்டாள் என்று, திருச்சி தில்லைநகரில் ஒரு மாடியறையில் நடந்த தியான ஓவியப் பயிற்சிக்குப் போனேன். ஒன்பது பேர், ஆளுக்கொரு பாய், தடித்த தாள், ஒரு பெட்டி ஆயில் பேஸ்டல்.

நடத்திய அம்மா தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே போனார். படியில் இறங்குங்கள், ஒரு கதவு இருக்கிறது, திறங்கள். எனக்குப் படியும் வரவில்லை, கதவும் வரவில்லை. இமைக்குள் மங்கலான புள்ளிகள் நகர்ந்தன, அவ்வளவுதான். வெளிச்சம் இல்லாமலே கண்ணும் மூளையும் உண்டாக்கும் ஒளி அது, பாஸ்பீன் என்பார்கள். மனக்கண்ணில் உருவமே தோன்றாதவர்களும் இருக்கிறார்கள். அந்த நிலைக்கு 2015இல் ஆடம் ஜீமன் என்ற நரம்பியல் மருத்துவர் அஃபன்டேசியா என்று பெயர் வைத்தார். நானும் அந்த ரகமோ என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, வலது கை நடுவிரலில் குளிர்ச்சி தெரிந்தது. வழவழப்பான கல். விரல் சரியாக உட்காரும் அளவுக்கு ஒரு பள்ளம்.

லால்குடி பக்கம் பாட்டி வீட்டுக் கிணறு. கயிறு உரசி உரசிக் கருங்கல் விளிம்பில் விழுந்த தடம். ஆறேழு வயதில் அதில் விரலை வைத்து முன்னும் பின்னும் ஓட்டுவேன். நாற்பது வருடமாக அந்தக் கல்லை நினைத்ததே இல்லை.

கண்ணைத் திறந்ததும் வரைந்தேன். எனக்குப் படம் வராது. ஆனாலும் சாம்பல் நிறத்தைக் கட்டை விரலால் தேய்த்துத் தேய்த்துக் கல்லைக் கொண்டுவந்துவிட்டேன். மூன்று தடம், நடுத்தடத்தில் இறுகிக் கிடக்கும் கயிறு. முடிக்கும்போது தொண்டை அடைத்தது.

பிரபஞ்சம் உங்களோடு பேசியிருக்கிறது என்றார் அந்த அம்மா. அதை என்னால் ஏற்க முடியவில்லை, இன்றும் ஏற்கவில்லை. ஸ்வீடனில் ஹில்மா ஆஃப் கிளிண்ட் என்று ஓர் ஓவியர். ஆவிகளின் கட்டளைப்படி வரைவதாக நம்பினார். 1907இல் மூன்று மீட்டருக்கு மேல் உயரமான பத்து ஓவியங்களை வரைந்தார். அவை அற்புதமானவை. ஆனால் அதற்கு முன்பே ஸ்டாக்ஹோம் ராயல் அகாதமியில் படித்து, செடிகொடிகளைப் பார்த்துப் பார்த்து வரைந்து பழகிய கை அது. அந்த உழைப்பை ஆவிக் கணக்கில் எழுதுவது அவருக்குச் செய்யும் அநியாயம். என் கல்லும் அப்படித்தான். அந்தப் பள்ளம் எங்கள் வீட்டுப் பெண்கள் தண்ணீர் இறைத்து விழுந்தது.

இன்னொரு சந்தேகமும் இருந்தது. நடக்காத ஒன்றைக் கற்பனை செய்து பார்த்தாலே, அது நடந்திருக்கும் என்ற நம்பிக்கை கூடுகிறது என்று உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸும் சக ஆய்வாளர்களும் 1996இல் காட்டினார்கள். அதனால் வீட்டுக்கு வந்ததும் அத்தைக்குப் போன் போட்டேன்.

"தடம் இருந்ததுப்பா. மூணா நாலான்னு ஞாபகம் இல்ல. ஆனா கயித்த நீ எங்க பார்த்த? நீ பொறக்கறதுக்கு முன்னாடியே சகடை போட்டாச்சே."

சகடை, அதாவது கப்பி, வந்தபின் கயிறு கல்லில் உரசாது. அப்படியென்றால் கல் என் விரல் அறிந்தது. கயிறு நான் பிறகு கோத்துக்கொண்டது. அது தெரிந்ததும் படத்தின் மேல் எனக்குப் பிரியம் கூடிவிட்டது. இப்போது ஞாயிறு காலைகளில் போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு இருபது நிமிடம் கண்ணை மூடி உட்காருகிறேன். பிறகு வரைகிறேன். பல வாரம் ஒன்றும் வருவதில்லை. அப்போது தாளை எடுத்து வைத்துவிடுவேன்.

பொங்கலுக்கு வர முடியாத அத்தை சித்திரையில் வந்தார். சுவரில் இருந்த படத்தின் முன் ரொம்ப நேரம் நின்றார். அப்புறம் கயிற்றைத் தொட்டுக் காட்டி, "தேங்கா நார்க் கயிறு இவ்வளவு வழுவழுன்னு இருக்காதுப்பா, கையெல்லாம் கிழிச்சிடும்" என்று தன் உள்ளங்கையை விரித்தார்.

அன்று ராத்திரி படத்தைக் கழற்றி, ஊசி முனையால் பேஸ்டலைக் கீறிக் கீறிக் கயிறு முழுக்க நார் போட்டேன்.