தந்திரோபாய வாக்களிப்பு: பிரித்தானியத் தேர்தலில் என் ஒற்றை வாக்கால் என்ன பயன்?

நெய்தல்:
அனைவருக்கும் வணக்கம். நான் தென் லண்டனில் சட்டன் அண்ட் சீம் தொகுதியில் வசிக்கிறேன். கொள்கையளவில் பசுமைக் கட்சியை ஆதரிப்பவள். ஆனால் எங்கள் தொகுதியில் நீண்ட காலமாகப் போட்டி கன்சர்வேட்டிவ் கட்சிக்கும் லிபரல் டெமாக்ரட் கட்சிக்கும் இடையிலேயே நடக்கிறது. எனவே 2024 பொதுத்தேர்தலில் கன்சர்வேட்டிவ் வெல்லக் கூடாது என்ற ஒரே எண்ணத்தில் லிபரல் டெமாக்ரட்டுக்கு வாக்களித்தேன். அவர்களும் சில ஆயிரம் வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார்கள். நான் வாக்களிக்காமல் வீட்டில் இருந்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது. அப்படியானால் என் கொள்கையை எதற்காக விட்டுக்கொடுத்தேன் என்ற கேள்வி இன்றும் என்னை விடவில்லை. இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று விருப்பு வாக்குகளை வரிசைப்படுத்தலாம். இங்கோ ஒரே ஒரு புள்ளடிதான். இந்த முறையில் மனம் விரும்பும் கட்சிக்கு வாக்களிப்பதா, தோற்கடிக்க வேண்டியவரைத் தோற்கடிக்க வாக்களிப்பதா? தனி ஒருவரின் வாக்குக்கு உண்மையிலேயே பெறுமதி உண்டா?

வேலணையூரான்:
தங்கை, உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். 650 தொகுதிகளில் பெரும்பாலானவற்றின் முடிவை ஒரு வாக்கு மாற்றாது என்பது உண்மைதான். ஆனால் எந்தத் தொகுதியில் மாற்றும் என்பதை முன்கூட்டியே அறிய எவராலும் முடிவதில்லை. நீங்கள் வாக்களித்த அதே 2024 தேர்தலில் ஹென்டன் தொகுதியை லேபர் கட்சி 15 வாக்குகளாலும், பூல் தொகுதியை 18 வாக்குகளாலும் வென்றது. 2017இல் வடகிழக்கு ஃபைஃப் தொகுதியை ஸ்கொட்லாந்து தேசியக் கட்சி 2 வாக்குகளால் தக்கவைத்தது. 2025 மே மாதம் ரன்கோர்ன் அண்ட் ஹெல்ஸ்பி இடைத்தேர்தலில் வலதுசாரி ரிஃபார்ம் கட்சி லேபரை 6 வாக்குகளால் தோற்கடித்தது. முந்தைய ஆண்டு அதே தொகுதியில் லேபரின் பெரும்பான்மை 14,000ஐத் தாண்டியிருந்தது. அந்த இடைத்தேர்தலில் பசுமைக் கட்சிக்கு 2,000க்கு மேல் வாக்குகள் கிடைத்தன. அவர்களில் ஏழு பேர் லேபரைத் தெரிவு செய்திருந்தால் அந்த ஆசனம் ரிஃபார்முக்குப் போயிருக்காது.

எல்லாவற்றையும் விட வின்செஸ்டர் தொகுதியின் கதையைத்தான் நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பேன். 1997 மே மாதம் லிபரல் டெமாக்ரட் வேட்பாளர் மார்க் ஓட்டன் அங்கு 2 வாக்குகளால் வென்றார். அதிகாரபூர்வ முத்திரை இடப்படாத வாக்குச்சீட்டுகள் நிராகரிக்கப்பட்டதை எதிர்த்துத் தோற்றவர் நீதிமன்றம் செல்ல, தேர்தல் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. நவம்பரில் மீண்டும் தேர்தல் நடந்தபோது ஓட்டனின் பெரும்பான்மை 21,556 ஆயிற்று. லேபர் கட்சி கட்டுப்பணத்தையே இழந்தது. வாக்காளர்கள் ஏறக்குறைய அதே மக்கள்தான். லேபரை விரும்பியவர்கள், தங்கள் தொகுதியில் யாரால் கன்சர்வேட்டிவைத் தோற்கடிக்க முடியும் என்பதை மே மாதத்து முடிவிலிருந்து தெளிவாகக் கண்டுகொண்டார்கள். ஆகவே என் பதில்: தந்திரோபாயமாக வாக்களியுங்கள், அதற்காக வருந்த வேண்டாம்.

கார்முகில்:
வேலணையூரான் அண்ணா சொன்னதை நான் பெரிதும் ஏற்கிறேன். ஆயினும் ஒரு முக்கியமான எச்சரிக்கை வேண்டும். வின்செஸ்டரில் அந்த உத்தி பலித்ததற்குக் காரணம், கன்சர்வேட்டிவைத் தோற்கடிக்கக் கூடியவர் யார் என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. அந்த விடயம் தெளிவில்லாத தொகுதியில் இதே உத்தி எதிர்மாறான விளைவைத் தரும்.

2019இல் கென்சிங்டன் தொகுதியில் அதுதான் நடந்தது. அங்கு 2017இல் வென்றது லேபர், அதுவும் 20 வாக்குகளால். இரண்டு ஆண்டுகள் கழித்து, கன்சர்வேட்டிவை எதிர்க்கக் கூடியவர் லிபரல் டெமாக்ரட் வேட்பாளரே என்று கருத்துக்கணிப்புகளை வைத்துப் பலர் நம்பினார்கள். முடிவில் கன்சர்வேட்டிவ் 16,768, லேபர் 16,618, லிபரல் டெமாக்ரட் 9,312. வெறும் 150 வாக்குகள் வித்தியாசத்தில், எதைத் தடுக்க எண்ணினார்களோ அதுவே நடந்தது. அங்கு லிபரல் டெமாக்ரட்டுக்கு வாக்களித்தவர்கள் அனைவரும் தந்திரோபாயமாக வாக்களித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படி வாக்களித்தவர்களுக்குக் கிடைத்த வழிகாட்டல் தவறானது என்றே சொல்கிறேன். கட்சிகள் வீட்டுக்கு வீடு போடும் துண்டுப் பிரசுரங்களில், 'இங்கே வெல்லக் கூடியவர்கள் நாங்கள் மட்டுமே' என்று ஒரு பட்டை வரைபடம் எப்போதும் இருக்கும். அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். கடந்த பொதுத்தேர்தலில் உங்கள் தொகுதியில் யார் எத்தனை வாக்குப் பெற்றார்கள், அதற்குப் பின் நடந்த கவுன்சில் தேர்தலில் உங்கள் வட்டாரம் எப்படி வாக்களித்தது என்ற இரண்டையும் நீங்களே பாருங்கள். தொகுதி எல்லைகள் 2024இல் மாற்றப்பட்டதால் அதற்கு முந்தைய எண்களைக் கவனத்துடனேயே ஒப்பிட வேண்டும்.

தமிழ்மாறன்:
நான் உங்கள் இருவரிடமிருந்தும் மாறுபடுகிறேன். வெற்றியாளரைத் தீர்மானிக்காத வாக்கு வீணான வாக்கு என்ற அடிப்படையையே ஏற்க முடியவில்லை.

எதிர்க்கட்சிகள் தங்கள் நாடாளுமன்றப் பணிக்குப் பெறும் அரச நிதி, வென்ற ஆசனங்களோடு, நாடு முழுவதும் அந்தக் கட்சி பெற்ற வாக்குகளையும் வைத்தே கணக்கிடப்படுகிறது. தோற்ற தொகுதியில் விழுந்த வாக்கும் அதில் சேரும். வேட்பாளர் ஒருவர் 5 சதவீதத்தைத் தாண்டினால் அவருடைய 500 பவுண்ட் கட்டுப்பணம் திரும்பக் கிடைக்கிறது. அடுத்த முறை 'இங்கே இரண்டாம் இடம் எங்களுக்கே' என்று உண்மையாகச் சொல்லும் தகுதியும் இந்த வாக்குகளால்தான் வருகிறது. பசுமைக் கட்சியின் கார்லா டெனியர் 2019இல் பிரிஸ்டல் மேற்கில் இரண்டாம் இடம் பெற்றார். 2024இல் எல்லை மாற்றப்பட்ட பிரிஸ்டல் மத்திய தொகுதியில் வென்றார். 2019இல் அவருக்கு வாக்களித்தவர்கள் எல்லோரும் 'இவரால் வெல்ல முடியாது' என்று விலகியிருந்தால் இரண்டாவது படிக்கட்டே இருந்திருக்காது.

முறையின் அநீதியையும் மறக்கக் கூடாது. 2024இல் லேபர் 33.7 சதவீத வாக்குகளோடு 411 ஆசனங்களைப் பெற்றது. ரிஃபார்ம் 40 இலட்சத்துக்கு மேல் வாக்குகள் பெற்றும் அதற்கு 5 ஆசனங்கள்தான். அதைவிடக் குறைந்த வாக்குகள் பெற்ற லிபரல் டெமாக்ரட்டுக்கு 72. எனக்கு ரிஃபார்மின் கொள்கைகள் உடன்பாடில்லாதவை, ஆனாலும் இந்தக் கணக்கு நியாயமானது என்று என்னால் சொல்ல முடியாது. விருப்ப வரிசை முறையைக் கொண்டுவரலாமா என்று 2011இல் மக்களைக் கேட்டபோது 67.9 சதவீதத்தினர் வேண்டாம் என்றார்கள். தந்திரோபாயமாக மட்டுமே வாக்களித்துக் கொண்டிருந்தால், மாற்றத்தை விரும்புகிறவர்கள் எத்தனை பேர் என்பது எண்ணிக்கையில் ஒருபோதும் தெரியாது.

நெய்தல்:
மூவருக்கும் மிக்க நன்றி. தமிழ்மாறன் அண்ணாவிடம் ஒரு கேள்வி. பசுமைக் கட்சிக்கு நான் வாக்களித்து, எங்கள் தொகுதியில் கன்சர்வேட்டிவ் சொற்ப வாக்குகளால் வென்றுவிட்டால், அந்த ஐந்து ஆண்டுகளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

தமிழ்மாறன்:
நியாயமான கேள்வி. இழுபறித் தொகுதியில் வேலணையூரான் சொல்வதன் பக்கமே நானும் நிற்பேன். உங்களுடையது அத்தகைய தொகுதிதான். ஒரு கட்சி எப்போதும் பல்லாயிரம் வாக்குகளால் வெல்லும் தொகுதியில் இருப்பவர்களுக்கே என் வாதம் முழுமையாகப் பொருந்தும். உங்களுக்கு நான் சொல்லக்கூடியது: லண்டன் மாநகரப் பேரவைத் தேர்தலில் உங்களுக்கு இரண்டு வாக்குச்சீட்டுகள் கிடைக்கும், அவற்றில் லண்டன் முழுவதற்குமான பட்டியல் வாக்கு விகிதாசாரப்படி எண்ணப்படுகிறது. பசுமைக் கட்சிக்கான உங்கள் வாக்கை அங்கே தயக்கமின்றி இடுங்கள். வாக்குச்சாவடிக்குப் படத்துடன் கூடிய அடையாள அட்டையை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.