அமூர்ப் புலி: நேரில் பார்த்தவர்கள், பார்க்காமல் திரும்பியவர்கள்

பகிர்வு 1 – திருநெல்வேலி

நான் மருத்துவம் படித்தது ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் இருக்கும் விளாதிவஸ்தோக்கில். அந்த ஊரின் சின்னத்திலேயே அமூர்ப் புலி, அதாவது சைபீரியப் புலி, இருக்கிறது. 2000-லிருந்து ஒவ்வொரு செப்டம்பர் கடைசியிலும் புலி நாள் கொண்டாடுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் முகத்தில் கோடு வரைந்துகொண்டு ஊர்வலம் போவார்கள். இத்தனை வருடம் அங்கே இருந்தும் காட்டுப் புலியை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அது படுத்து எழுந்து போன இடத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அதைத்தான் எழுத வந்தேன்.

நான்காம் ஆண்டு குளிர்கால விடுமுறை. கூடப் படித்த நண்பனின் தாத்தா லாசோ மாவட்டத்தில், காட்டை ஒட்டிய ஒரு கிராமத்தில் தேனீ வளர்க்கிறார். அந்தப் பக்கத்து லிண்டன் பூத் தேன் பேர்போனது. வெளிறிய நிறம், குளிரில் நம் ஊர் நெய் மாதிரி மணல்மணலாக உறைந்துவிடும். நானும் அவரை 'தேதுஷ்கா' என்றுதான் கூப்பிட்டேன். தாத்தா என்று அர்த்தம். போன முதல் நாள் இரவே ஒரு விஷயம் கவனித்தேன். பொழுது சாய்ந்ததும் வாசலில் இருந்த நாயை அவிழ்த்து உள்ளே கொண்டுவந்து கதவைச் சாத்தினார். குளிருக்காக என்று நினைத்தேன். "அம்பா வந்தால் முதலில் நாயைத்தான் தூக்கும்" என்றார். அங்குள்ள உதெகே, நானாய் பழங்குடி மக்கள் புலியை அம்பா என்கிறார்கள். அவரும் பேச்சில் அந்தச் சொல்லைத்தான் புழங்கினார்.

மறுநாள் காலை மைனஸ் 22 டிகிரி. மூன்று பேரும் உறைந்த ஓடை வழியாகக் காட்டுக்குள் நடந்தோம். ஓடைமேல் பனி கணுக்கால் அளவுதான்; கரையேறினால் முழங்காலுக்கு மேல் புதையும். புலிக்கும் அதே கதைதான். ஆழப் பனியில் நடந்தால் களைத்துப்போகும் என்பதால் உறைந்த ஓடை, மனிதன் போட்ட பாதை, மான் மிதித்த தடம் எது கிடைத்தாலும் அதில் ஏறிக்கொள்ளும். முக்கால் மணி நேரத்தில் தடம் கிடைத்தது. தாத்தா சட்டைப் பையிலிருந்து தையல் டேப்பை எடுத்து முன்னங்கால் தடத்தில் விரல்களை விட்டுவிட்டு, நடு மெத்தையின் அகலத்தை மட்டும் அளந்தார். பதினொன்றுக்குக் கொஞ்சம் மேல். பத்தரை சென்டிமீட்டரைத் தாண்டினால் வளர்ந்த ஆண் என்பது அங்கே கணக்கு. அப்புறம் கையுறையைக் கழற்றி, தடத்தின் ஓரத்தை விரலால் அழுத்தினார். கல் மாதிரி இருந்தது. புதுத் தடம் என்றால் உதிரும்; நேரம் ஆக ஆக இறுகும். "ராத்திரி போயிருக்கிறது" என்றார்.

தடத்தைப் பின்னோக்கிப் போனோம். முன்னோக்கிப் போகக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். போகிற வழியில் சாய்ந்த மரம் ஒன்று. சாய்வின் அடிப்பக்கம், மழையும் பனியும் படாத இடத்தில், பட்டை பழுப்பேறியிருந்தது. புலி வாலைத் தூக்கிப் பீய்ச்சிய இடம். தாத்தா கத்தியால் ஒரு சிராய் எடுத்து உள்ளங்கையில் பொத்தி, வாயால் ஊதிச் சூடாக்கி, என் மூக்கருகே நீட்டினார். எனக்குச் சட்டென்று வீட்டு நினைவு வந்துவிட்டது. பாசுமதி அரிசி கொதிக்கும் வாசனை! பிரமை என்றுதான் நினைத்தேன். பிறகு தெரிந்தது, ரத்தன் லால் பிரம்மச்சாரி என்ற வங்காள விஞ்ஞானி வங்கப் புலியை வைத்து இதை எப்போதோ கண்டுபிடித்திருக்கிறார். புலி பீய்ச்சும் நீரிலும் பாசுமதியிலும் மணம் கொடுப்பது ஒரே வேதிப்பொருள்.

இன்னும் இருநூறு மீட்டர் மேலே ஒரு கொரியப் பைன் மரத்தடியில் அது படுத்திருந்த இடம். உடம்புச் சூட்டில் பனி உருகி, எழுந்து போனதும் கண்ணாடியாக உறைந்திருந்தது. முன்னங்கால் நீட்டியது, இடுப்பு மடிந்தது, வால் சுற்றிக் கிடந்தது எல்லாம் அச்சாக இருந்தது. அந்தக் கண்ணாடிக்குள் ஐந்தாறு முடி சிக்கியிருந்தது. நீளமான முடி, அடியில் வெள்ளை, நுனியில் செம்மஞ்சள். முழங்காலிட்டுப் பார்த்தபோது என் மூச்சு பட்டு அதன்மேல் வெண்பனி படிந்தது. நான் படுத்தால் எவ்வளவு இடம் வேண்டும் என்று மனதில் அளந்து பார்த்தேன். அதில் பாதிகூட நிறையாது.

அந்தக் காட்டை ஒட்டிய காப்பகத்துக்குக் கப்லானோவ் பெயர். 1940 வாக்கில் பனியில் தடம் பார்த்தே புலிகளை எண்ணியவர். அப்போது மிஞ்சியிருந்தது முப்பதுக்குள்தான். 1943-ல் வேட்டைக்காரர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 1947-ல் புலி வேட்டைக்குத் தடை வந்தது. 2015 கணக்கெடுப்பில் ரஷ்யாவில் 523 முதல் 540 வரை இருக்கும் என்றார்கள். அவர் எண்ணிய முப்பதிலிருந்து வந்த வம்சம்தான் அந்த மரத்தடியில் படுத்திருந்தது என்று நினைத்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

வேறு யாராவது பார்த்திருந்தால் எழுதுங்கள். மிருகக்காட்சி சாலையில் பார்த்தது என்றாலும் சரி.

பகிர்வு 2 – ஸ்காபரோ, கனடா

தம்பி, வாசித்துவிட்டு அடுக்களைக்குப் போய் ரம்பை இலையைக் கசக்கி மணந்து பார்த்தேன். நாங்கள் சோற்றுக்குப் போடுகிற ரம்பையிலும் அதே பொருள்தான் என்று மகன் தேடிச் சொன்னான். இனி ரம்பை போடும்போதெல்லாம் உங்கள் மரம்தான் நினைவுக்கு வரும்.

எங்கள் வீட்டிலிருந்து ரொறன்ரோ மிருகக்காட்சிச்சாலை பக்கம்தான், 86ஆம் இலக்க பஸ் போகும். கோடையில் போனால் சனக்கூட்டம், புலியும் நிழலில் படுத்திருக்கும். ஒருமுறை பெப்ரவரியில், நல்ல ஸ்னோ கொட்டிய அடுத்த நாள் போனோம். ஒரு சனமும் இல்லை. அமூர்ப் புலி மட்டும் வெளியில் நின்றது. நின்றது என்றா சொன்னேன், உருண்டது! நாலு காலையும் மேலே தூக்கி முதுகைப் பனியில் தேய்த்து, எழும்பி உதறி, திரும்பவும் விழுந்து உருண்டது. நாங்கள் இரண்டு ஜாக்கெட்டுக்குள் நடுங்கிக்கொண்டு நின்றோம். இருபது வருடமாக இந்தக் குளிரைத் திட்டுகிறேன். அந்தக் குளிரை ஒரு உயிர் இப்படிக் கொண்டாடுவதை அன்றைக்குத்தான் கண்டேன்.

பிறகு வேலிக்குக் கிட்ட வந்தது. பராமரிக்கிற பிள்ளை ஒருத்தி உள்பக்கமாக வந்து ஏதோ கதைத்தாள். புலி மூக்கால் 'ஃபுர்ர், ஃபுர்ர்' என்று ஊதியது. குதிரை ஊதுமே, அதைவிட மெதுவாக. அது புலியின் வணக்கமாம். சிங்கத்துக்கு இந்தப் பழக்கம் இல்லை என்றாள். தாய் குட்டியோடு பேசுவதும் இப்படித்தானாம். மகன் வாயைக் குவித்து அதேபோல ஊதினான். புலி அவன் பக்கம் திரும்பி ஒரு தரம் பார்த்தது. அவனுக்கு இப்போது பதினாறு வயது, இன்னும் அந்தச் சத்தத்தைச் செய்து காட்டுவான்.

உலகத்தில் கூண்டில் இருக்கிற புலிகளுக்கு ஒரு வம்சப் புத்தகம் இருக்கிறதாம், ஜெர்மனியில் லைப்சிக் மிருகக்காட்சிச்சாலையில் வைத்து எழுதுகிறார்கள். எந்தப் புலிக்கு எது தாய், எது தகப்பன் என்று பார்த்துத்தான் சோடி சேர்ப்பார்களாம். எங்கள் ஆட்கள் சாதகம் பார்ப்பதைவிடக் கவனமாகச் செய்கிறார்கள்.

தம்பி, ஒரு கேள்வி. இப்படி வளர்க்கிறதைத் திரும்பக் காட்டில் விட ஏலாதா?

பகிர்வு 3 – சேலம்

சீனாவில் படித்தபோது வகுப்போடு ஒரு புலிப் பூங்காவுக்குப் போனேன். பெயர் வேண்டாம். கம்பி வலை அடித்த பேருந்தில் உட்காரவைத்து உள்ளே கூட்டிப் போனார்கள். ஒரே திறந்தவெளியில் பத்திருபது அமூர்ப் புலிகள். அதுவே எனக்கு உறுத்தியது, தனியாகத் திரிகிற பிராணி அல்லவா. நடத்துநர் உயிருள்ள கோழிக்கு விலைப்பட்டியல் நீட்டினார். முன் இருக்கையில் இருந்தவர் ஒன்று வாங்கினார். சன்னல் ஓரமிருந்த குழாய் வழியாகத் தள்ளினார்கள். கோழி தரையில் விழுவதற்குள் ஏழெட்டுப் புலிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. ஒரு புலிக்குக் காது பாதி இல்லை. எல்லாமே பருத்து, வயிறு தொங்கி, பேருந்தின் ஹாரன் கேட்டதும் ஓடிவந்தன.

எத்தனையோ பேர் கைதட்டினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். புலியைப் பார்த்துப் பயந்துதான் பழக்கம், அன்றைக்குப் பரிதாபப்பட்டேன். கூண்டில் வைப்பதே தப்பு என்று சொல்லமாட்டேன். அக்கா சொன்ன புலியும் கூண்டுதான், ஆனால் அது புலியாக இருந்தது.

பகிர்வு 4 – கோயம்புத்தூர்

அமூர்ப் புலிக்காக ரஷ்யா போக வேண்டியதில்லை, டார்ஜிலிங் போதும். அங்கே பத்மஜா நாயுடு உயிரியல் பூங்காவில் 1960-லேயே சோவியத் தலைவர் குருஷேவ் கொடுத்த ஜோடி இருந்தது. நடுவில் இல்லாமல் போய், 2023 டிசம்பரில் சைப்ரஸின் பாஃபோஸ் பூங்காவிலிருந்து லாரா, அகாமாஸ் என்று ஒரு ஜோடி வந்தது. பதிலுக்கு இங்கிருந்து சிவப்புப் பாண்டாக்கள் போயின. நான் போன அன்று மேகம் இறங்கி மூன்றடிக்கு மேல் தெரியவில்லை. உறுமல் மட்டும் கேட்டது. என் மாமனார் அந்த மேகத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

பகிர்வு 5 – திருநெல்வேலி

அக்கா, உங்கள் கேள்விக்குப் பதில். பெரும்பாலும் முடியாது. மனிதன் கையால் சாப்பிட்ட புலிக்கு மனிதனைக் கண்டால் சாப்பாடு நினைவுதான் வரும், ஊருக்குள் வந்துவிடும். ஆனால் காட்டில் பிறந்து அநாதையான குட்டியை மனிதன் கண்ணில் படாமலே வளர்த்து விட்டிருக்கிறார்கள். ஸலூஷ்கா கதை கேள்விப்பட்டிருப்பீர்கள். 2012 பிப்ரவரியில், விளாதிவஸ்தோக் இருக்கும் பிரிமோர்யே மாநிலத்தில், பனிக்குள் கிடைத்த பெண் குட்டி. தாய் இல்லை, எலும்பும் தோலுமாக இருந்தது, வால் நுனி பனியில் கருகி வெட்ட வேண்டியதாயிற்று. அலெக்ஸேயெவ்கா மறுவாழ்வு மையத்தில் உயரமான வேலிக்குள் விட்டு, கேமரா வழியாக மட்டுமே பார்த்தார்கள். முதலில் முயல், பிறகு சிகா வகைப் புள்ளிமான், பன்றி என்று தானாகவே அடித்துச் சாப்பிடப் பழகியது. 2013 மே மாதம் பஸ்தாக் காப்பகத்தில் திறந்துவிட்டார்கள். அந்தப் பக்கம் பல பத்தாண்டுகளாகப் புலி அரிதாகிப்போயிருந்த இடம். 2015-ல் தானியங்கி கேமராவில் குட்டை வாலோடு அவள் வந்தாள், பின்னால் இரண்டு குட்டிகள். அந்தப் படத்தை எங்கள் விடுதி அறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன்.

திறந்துவிட்டால் மட்டும் போதாது, இடம் வேண்டும். அங்கே ஒரு பெண் புலிக்குச் சராசரியாக 400 சதுர கிலோமீட்டர் தேவைப்படுகிறது. சென்னை மாநகராட்சி மொத்தமே 426. ஆண் புலிக்கு ஆயிரத்துக்கு மேல். இரை அவ்வளவு சிதறிக் கிடக்கிறது. பைன் கொட்டை நன்றாகக் காய்த்த வருடம் காட்டுப்பன்றி பெருகும், பன்றி பெருகினால் புலி காட்டுக்குள்ளேயே இருக்கும். கொட்டை பொய்த்தால் கிராமத்து நாய்களுக்கு ஆபத்து என்பார் தாத்தா. பன்றிகளைத் தாக்கும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவிய பிறகு பன்றிகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. இந்த வருடமும் நாயை உள்ளேதான் கட்டுகிறாராம். புலிமேல் அவருக்கு ஒரு கோபமும் இல்லை. பைன் மரத்தை வெட்டுகிறவர்களைப் பற்றிப் பேசினால்தான் குரல் உயரும்.

சேலம் தம்பி தனியாகக் கேட்டிருந்தார், அந்த முடியை எடுத்து வந்தீர்களா என்று. எடுக்கத்தான் நினைத்தேன். நகத்தால் சுரண்டவும் ஆரம்பித்தேன். தாத்தா என் தோளைத் தொட்டு, விடு என்றார். பனி உருகும்போது சின்னப் பறவைகள் கூட்டுக்குள் மெத்தை போட எடுத்துப்போகுமாம்.