ஒமேகா-3 இண்டெக்ஸ் 3.9: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். அண்ணனுடைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் பற்றி உதவி வேண்டும். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுகிறார், எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ரால் கட்டுக்குள் இருக்கிறது. ட்ரைகிளிசரைடு என்கிற இன்னொரு ரத்தக் கொழுப்புதான் 240, அது 150-க்குள் இருக்க வேண்டும். கூடவே எடுத்த ஒமேகா-3 இண்டெக்ஸ் 3.9 சதவீதம். அதாவது, சிவப்பணுச் சவ்வின் கொழுப்பு அமிலங்களில் மீன் எண்ணெயில் இருக்கும் இபிஏ, டிஹெச்ஏ என்கிற ஒமேகா-3 அமிலங்கள் இரண்டும் சேர்ந்து அவ்வளவுதான். 8-க்கு மேல் இருந்தால் நல்லது, 4-க்குக் கீழே போனால் இதயத்துக்கு ஆபத்து கூடுதல் என்கிறார்கள்.

மீன் எண்ணெய் கேப்ஸ்யூல் வாங்கிவிடலாம் என்கிறார் அண்ணி. எனக்கு மனசு ஒப்பவில்லை. 2018-இல் வெளியான ரெட்யூஸ்-இட் ஆய்வில், சுத்திகரித்த இபிஏ மருந்து தினமும் 4 கிராம் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை கால் பங்கு குறைந்தன. 2020-இல் வந்த ஸ்ட்ரெங்த் ஆய்விலோ இபிஏ, டிஹெச்ஏ இரண்டையும் சேர்த்துக் கொடுத்தும் பலன் இல்லை. முதல் ஆய்வில் ஒப்பீட்டுக்குக் கொடுத்த மினரல் ஆயில்தான் வித்தியாசத்தைப் பெரிதாக்கியதோ என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. இரண்டிலுமே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிற துடிப்புக் கோளாறு கூடியிருக்கிறது. அண்ணனுக்கு அவ்வப்போது படபடப்பு வரும், அதுதான் என் பயம்.

டாக்டரைப் பார்க்கத்தான் போகிறோம். அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும்? படபடப்பு உள்ள யாருக்காவது இபிஏ எழுதிக் கொடுத்தார்களா? முதலில் ஈசிஜி எடுக்கச் சொன்னார்களா? சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் இண்டெக்ஸை உடனே மறுபடி பார்ப்பதில் பயனில்லை என்று நினைக்கிறேன். நீங்கள் எவ்வளவு இடைவெளி விட்டீர்கள்? குழுவில் இதயநோய் மருத்துவர்கள் இருந்தால் தயவுசெய்து பதில் போடுங்கள்.